பொருள் தேடும் நாட்டில் பொழுதும் காண்போம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர். மக்கள், மா, புள், மரம், தொழில் ஆகிய எல்லாவற்றையும் அவற்றிற்குப் பின்னரே வைத்தார். ஒருவன் ஒரு நிலத்தில் வாழ்கிறான் என்றால் அந்நிலத்தின் பொழுதோடும் வாழ்கிறான் என்பதே இதன் உட்கிடை. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதனை நடத்தி வருகின்றோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று மாணவர்களும் தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயின், நம் கல்லூரி மாணவருள் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் வாழும் அரபு நாடுகளில் இப்போது என்ன பொழுது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. வெயில் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கடல் கடந்து சென்றவர் அங்குள்ள பருவங்களைக் கண்டு மகிழ்வதும், புதியன துய்ப்பதும், அதற்கெனச் சிறிது பொருளும் நாளும் செலவிடுவதும் வீண்செலவா என்பதே இக்கட்டுரையின் வினா. வீண்செலவு அன்று என்பது எமது கருத்து. அதனை மறுத்து வந்தவர்களுள் யாமும் ஒருவர் என்பதால் இதனை எழுத உரிமையும் கடமையும் எமக்கு உண்டென்று கருதுகின்றோம்.

பாலையில் மழை

ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ளது தோஃபார் மாநிலம். அதன் தலைநகர் ஸலாலா. தலைநகர் மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவு. ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கிச் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை ஏறக்குறைய மூன்று திங்கள் அங்கு 'கரீஃப்' என்னும் பருவம் நிலவுகிறது. அரபு நாட்டின் பிற பகுதிகள் 40 பாகைக்கு மேல் வெந்துகொண்டிருக்கும் அந்நாள்களில், ஸலாலாவில் வெப்பம் 27 பாகையை ஒட்டியே நிற்கும். மலைச்சரிவுகள் பசும்புல்லால் மூடப்பட்டிருக்கும். வானம் தூறிக்கொண்டே இருக்கும்.

இதற்குக் காரணம் நமக்கு அயலானது அன்று. நம் கேரள எல்லையில் மழை பொழியும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அக்காற்று தோஃபார் கரையை ஒட்டி வீசுகையில் கடலின் மேற்பரப்பு நீர் விலகி, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஈரக்காற்று அக்குளிர்நீர் மேல் தவழும்போது மூடுபனியாகிறது. மேலே பாலைவனத்தின் வெங்காற்று ஒரு மூடிபோல் கவிந்திருப்பதால் அப்பனி உயரே எழ இயலாது; பின்னால் காரா மலையும் கமர் மலையும் அரண்போல் நிற்பதால் அப்பால் போகவும் இயலாது. சரிவுகளிலேயே தங்கித் தூறலாய் இறங்குகிறது. மரங்களின் இலைகளில் படிந்த பனி சொட்டுச் சொட்டாய் வேருக்கு வடிகிறது. மலைமுகட்டைக் கடந்து மறுபுறம் இறங்கினால் மீண்டும் பாலைதான். அந்த வறண்ட பகுதியில்தான், நம் இல்லங்களில் புகைக்கும் சாம்பிராணிக்கு உறவான லுபான் மரங்கள் வளர்கின்றன.

இராமநாதபுரக் கடற்கரையில் பிறந்த எமக்கு இக்காற்று வேறொரு பெயரில் அறிமுகம். மேற்கு மலையில் நீரையெல்லாம் இழந்து, புழுதியை வாரிக்கொண்டு எம் ஊருக்கு வரும் இதனைக் 'கச்சான்' என்பர். இளமையில் யாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏசிய அந்தக் காற்றுதான் அங்கே மலைக்குப் பச்சையாடை உடுத்துகிறது.

சொல்லிலும் ஓர் உறவு உண்டு. நம் வேளாண்துறையினர் 'காரீப் பருவம்', 'ரபி பருவம்' என்கிறார்களே, அவ்விரண்டும் அரபுச் சொற்களே. கரீஃப் என்றால் இலையுதிர்காலம். ரபீ என்றால் வசந்தம். ஆங்கிலத்தில் பருவக்காற்றைக் குறிக்கும் மான்சூன் என்ற சொல்லும் பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. தமிழின் கார், அரபின் கரீஃப் இரண்டும் ஒலியால் நெருங்கினும் பிறப்பால் வேறானவை. ஆயினும் ஒரே காற்று இரு கரைகளுக்கும் பருவத்தைக் கொணர்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இருபத்து நான்கு ஆண்டுகள்

எம் காக்கா 1999ஆம் ஆண்டு மஸ்கட்டுக்குச் சென்றார். கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் கணக்கர். எம் இளங்கலைப் படிப்பின் இறுதிக் கட்டணம் முதல் எம்.ஃபில். பட்டத்தின் ஆய்வேட்டுத் தட்டச்சுக் கூலி வரை அவர் அனுப்பிய பணமே. 2023 ஜூலையில், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து, ஈட்டிய விடுப்பில் யாம் அவரைக் காணச் சென்றோம். அங்கே வேலையில் இருக்கும் அவருடைய மகன், “சாச்சா வந்திருக்காங்க, ஸலாலா போகலாம்” என்றார். காக்காவுக்கும் அதுதான் முதல் முறை என்பதை அப்போதுதான் அறிந்தோம். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தவர், அந்நாட்டவரும் அண்டை நாட்டவரும் ஆண்டுதோறும் தேடிச் செல்லும் அப்பருவத்தை ஒருமுறையும் கண்டிலர்.

வைகறைத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். நிஸ்வாவும் ஆதமும் கடந்தபின் இருபுறமும் சரளைப் பாலை. ஹைமாவில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தும்ரைத் தாண்டி மலையேறியபோது பொழுது சாய்ந்திருந்தது. திடீரென்று எதிரே வெண்சுவர் எழுப்பியதுபோல் மூடுபனி. காரின் வெப்பமானியில் எண்கள் இறங்கத் தொடங்கின. சில கிலோமீட்டருக்குள் பத்துப் பாகைக்கு மேல் இறங்கிவிட்டன. “வாப்பா, கண்ணாடியை இறக்குங்க” என்றார் மகன். காக்கா கையை வெளியே நீட்டினார். நனைந்த உள்ளங்கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது இத்தனை வருஷமும் இங்கேயேதான் இருந்துச்சா?”

யாம் விடை கூறவில்லை.

மறுநாள் தர்பாத் பள்ளத்தாக்கிற்குச் சென்றோம். பசும்புல்வெளியில் ஓமானியரும், சவூதியரும், அமீரகத்தாரும் குடும்பம் குடும்பமாக விரிப்பு விரித்து, தூறலில் நனைந்தபடியே தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தனர். மழை வந்தால் ஒதுங்க இடம் தேடுவோர் நாம். மழையில் உட்காருவதற்காகவே 1,000 கிலோமீட்டர் வருவோர் அவர்கள். நீரின் அருமை யாருக்குத் தெரியும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மாடுகளும் ஒட்டகங்களும் அருகருகே மேய்ந்தன. ஒட்டகம் பசும்புல்லில் நிற்பதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம். கண் நம்ப மறுத்தது.

சாலையோரத்தில் தென்னந்தோப்பும் வாழையும் பப்பாளியும். இளநீர்க் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் இளநீர் சீவித் தந்தவர் வங்காளதேச இளைஞர். காக்கா அவரிடம் அரைகுறை அரபியிலும் இந்தியிலும், தர்பாத் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். கரீஃப் காலத்தில்தான் வியாபாரம், கடையை விட்டு எப்படிப் போவது என்றார் அவர். பள்ளத்தாக்கு அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்கும் குறைவு. காக்கா ஒன்றும் சொல்லாமல் வந்து காரில் அமர்ந்தார்.

அன்று மாலை குடும்பப் படம் ஒன்றை ஊரிலுள்ள உம்மாவுக்கு அனுப்பக் கைப்பேசியை எடுத்தோம். காக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“அனுப்பாதே தம்பி. இந்த மாசம் பணம் குறைச்சு அனுப்பியிருக்கேன். இப்போ இதைப் பார்த்தா ஊரில என்ன சொல்லுவாங்க?”

ஓர் ஆமையும் ஒரு மடலும்

அந்தச் சொல் எம்மை 2001ஆம் ஆண்டிற்கு இழுத்துச் சென்றது. காக்கா மஸ்கட் சென்று இரண்டாண்டு ஆகியிருந்தது. அப்போது அவர் எழுதிய மடல் ஒன்றில், உடன் பணியாற்றுவோருடன் ஸூர் நகருக்கு அப்பால் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரைக்குச் சென்றதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். நள்ளிரவில் கடலாமை கரையேறி, துடுப்புப் போன்ற கால்களால் குழி பறித்து, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பியதை வரி வரியாக வருணித்திருந்தார். தமிழ் படிக்கும் தம்பிக்கு இது பிடிக்கும் என்றும் எழுதியிருந்தார்.

யாம் எழுதிய மறுமடல் எமக்கு இன்றும் நினைவிருக்கிறது. அங்கே ஆமை பார்க்க நேரம் இருக்கிறது. இங்கே தேர்வுக் கட்டணத்திற்கு நாள் நெருங்குகிறது என்று எழுதினோம். பணம் வந்தது. அதன்பின் அவர் எழுதிய மடல்களில் ஆமை இல்லை, கடல் இல்லை, மலை இல்லை. நலம், நலமறிய ஆவல், வரைவோலை எண், அனுப்பிய நாள் இவையே இருந்தன.

இத்தனைக்கும் அவ்வாண்டுகளில் யாம் படித்துக்கொண்டிருந்தது பாலைத் திணை. பொருள்வயிற் பிரிந்த தலைவன், வழியில் ஆண்யானை மரப்பட்டையை உரித்துப் பிடியின் பசி தீர்ப்பதைக் காண்பான் என்றும், அதைக் கண்டால் நின்னை நினைந்து மீள்வான் என்றும் தோழி தலைவியைத் தேற்றுவதாகப் பாலை பாடிய பெருங்கடுங்கோ குறுந்தொகையில் பாடியுள்ளார். பொருள் தேடிச் சென்றவன் வழியில் உள்ளவற்றைக் காண்பான், காண வேண்டும், கண்டால்தான் அவன் உள்ளத்தில் அன்பு ஊறும் என்பது சங்கப் புலவர் அறிந்த உண்மை. யானையைக் கண்ட தலைவனை வியந்து தேர்வெழுதிய யாம், ஆமையைக் கண்ட தமையனை இடித்துரைத்தோம். படிப்பு வேறு, வாழ்க்கை வேறு என்று பிரித்து வைத்திருந்ததன் விளைவு இது.

வீண்செலவு என்பார்க்கு

மார்க்கம் வீண்விரயத்தைத் தடுக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயின் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு மனிதனைத் தூண்டுவதும் அதே திருமறைதான். குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அருட்கொடைகளாக நினைவூட்டும் ஓர் அத்தியாயமே அதில் உண்டு. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகையும் உண்டு. பயணம் வேண்டாத செயலாயின் இச்சலுகைகள் எதற்கு? கடன் வாங்கி ஊர் சுற்றுவதும், பிறர் காணப் படம் பிடிப்பதற்கென்றே பயணம் செய்வதும் வேறு. இறைவன் படைத்த பருவத்தை உழைத்த பணத்தில் ஒருமுறை காண்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் இடுவது நீதியாகாது.

இப்னு பதூதா 1325ஆம் ஆண்டு தம் 21ஆம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். தோஃபாரையும் கண்டார், மதுரைச் சுல்தான்களின் காலத்தில் நம் தமிழ்நாட்டிற்கும் வந்தார். தோஃபாரில் கால்நடைகளுக்கு மத்தி மீனைத் தீவனமாகத் தருவதையும், அங்கே தென்னையும் வெற்றிலையும் விளைவதையும் வியந்து குறித்தார். கள்ளிக்கோட்டையிலிருந்து தோஃபாருக்கு நல்ல காற்றில் 28 நாளில் கடந்ததாகவும் சொல்லியுள்ளார். 1355ஆம் ஆண்டு முடிவுற்ற அவருடைய பயண நூல் இன்றும் வரலாற்றாசிரியர்க்குக் கைவிளக்காய் உள்ளது. அவர் கண்டதைச் சொல்லாதிருந்தால் நமக்கு எத்துணை இழப்பு!

அவருக்கும் முன்னர் அங்கே சென்ற தமிழன் ஒருவனுடைய தடயமும் கிடைத்துள்ளது. ஸலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்னுமிடத்தில் ஸும்ஹுரம் என்ற பழந்துறைமுகம் இருந்தது. அங்கே 2006ஆம் ஆண்டு இத்தாலியக் குழுவினர் நடத்திய அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதிலுள்ளது 'கீரன்' என முடியும் ஓர் ஆட்பெயர் என்றும், கி.பி. முதல் நூற்றாண்டினது என்றும் ஐராவதம் மகாதேவன் படித்துக் கூறினார். நக்கீரர் பெயரில் உள்ள அதே கீரன். கரீஃப் தூறலை அவன் கண்டிருப்பான். பருவக்காற்றுத் திரும்பும்வரை ஊர் திரும்பக் காத்திருந்திருப்பான். ஆனால் அவன் கண்டதைப் பற்றி ஒரு சொல்லும் எஞ்சவில்லை. பெயர் மட்டும் ஓட்டில் நிற்கிறது. நம் காலத்துக் கீரன்களும் பெயரும் பணமும் மட்டும் எஞ்ச மறைந்துபோக வேண்டுமா?

எல்லாருக்கும் வாய்ப்பதில்லை

ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. கணக்கர்க்கும் அலுவலர்க்கும் இயல்வது கட்டடத் தொழிலாளிக்கு எளிதில் இயல்வதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை நண்பகல் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்று ஓமான் அரசு விதித்திருக்கிறது. அந்த மூன்று மணி நேர நிழலே பலருக்குக் கோடைப் பருவத்தின் இன்பம். அவர்களிடம் ஸலாலாவுக்குப் போய்வாருங்கள் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை அருகிலுள்ள கடற்கரையோ, குளிர்காலத்து மணற்குன்றோ, பேரீச்சை பழுக்கும் தோட்டமோ, எதுவாயினும் அந்நிலத்தின் பொழுதை அறிவிக்கும். தொலைவு பெரிதன்று, நோக்கமே பெரிது.

எச்சரிக்கையும் வேண்டும். புதுநாட்டின் அழகு நம் ஊர் அழகைப்போல் பழகியது அன்று. 2022 ஜூலையில் முக்ஸைல் கடற்கரையில், தடுப்பைக் கடந்து பாறைக்குச் சென்ற இந்தியக் குடும்பத்தினர் சிலரைப் பேரலை வாரிச் சென்றது. மூடுபனியில் விரைந்து ஓட்டுவதும், காட்டாற்றுப் பள்ளத்தில் வெள்ளம் வருகையில் இறங்குவதும், சாலையைக் கடக்கும் ஒட்டகத்தை மறப்பதும் உயிருக்குக் கேடு. அந்நாட்டார் அமைத்த தடுப்பும் பலகையும் விருந்தினரைக் காக்கவே உள்ளன.

நாம் செய்யத்தக்கவை

இம்மலரைக் கையிலேந்தும் மாணவர்க்குச் சில சொல்வோம். நீங்கள் நாளை அயல்நாடு செல்வீராயின், அங்கே முதலாண்டு முடிவதற்குள் அந்நிலத்தின் ஒரு பருவத்தையேனும் தேடிச்சென்று காணுங்கள். கரீஃப் முடிந்து வானம் தெளியும் பருவத்தைத் தோஃபார் மலைமக்கள் 'ஸர்ப்' என்கிறார்கள். நம் திணைக்குப் பொழுது வகுத்ததுபோலவே அவர்களும் வகுத்துள்ளனர். அப்பெயர்களைக் கேட்டறியுங்கள். கண்டதை நல்ல தமிழில் எழுதி வையுங்கள். ஏ. கே. செட்டியாரும் சோமலெயும் பயண இலக்கியத்தை வளர்த்த மொழி இது. இன்று அயல்நாட்டில் வாழும் தமிழரோ எண்ணில் அடங்கார், எழுதுவோர்தாம் அருகிவிட்டனர்.

ஊரில் இருப்போர்க்கு ஒரே வேண்டுகோள். தொலைபேசியில் பணம் வந்ததா என்று பேசி முடித்தபின், அங்கே இப்போது என்ன பருவம், எங்கேனும் போனீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்வியே அவர்க்கு அனுமதிச்சீட்டு. அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியும் படம் ஒன்று வந்தால், அதைக் கணக்கேட்டோடு ஒப்பிடாதீர்கள். நம்மை ஆளாக்கியவர்க்கு நாம் தரக்கூடிய மிகச்சிறு கைம்மாறு அது.

எம் துறைக்கும் ஒரு கருத்தை முன்வைக்கின்றோம். விடுமுறையில் ஊர் வரும் தந்தையரிடமும் தமையன்மாரிடமும் அவர்கள் முதன்முதலாய்க் கண்ட மழை, குளிர், மணற்புயல், திருவிழா, உணவு ஆகியவற்றைக் கேட்டெழுதும் பணியை மாணவர்க்கு ஒப்படைவாகத் தரலாம். அவை நம் காலத்துப் பாலைத் திணைக்கு உரையாக அமையும்.

ஸலாலாவில் அன்று மாலை காக்கா தடுத்தபோதும், இரவு அவர் உறங்கியபின் அப்படத்தை உம்மாவுக்கு அனுப்பிவிட்டோம். காலையில் உம்மாவின் குரல்மடல் வந்திருந்தது. பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. “வாப்பா, மழையில நிக்கிறியே, தலையைத் துவட்டினியா?” என்று காக்காவைக் கேட்டிருந்தார். காக்கா அதை மூன்று முறை கேட்டார். பிறகு எம்மிடம், 2001இல் கண்ட ஆமையைப் பற்றித் தாமாகவே பேசத் தொடங்கினார்.

அன்று யாம் படிக்கத் தவறிய மடலை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் காதால் கேட்டோம்.